நாலு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி

திருத்தணி
சர்வதாரி வருஷம் ஐப்பசி 28, சனிக்கிழமை

அன்பு மகள் சுலோச்சனாவுக்கு அம்மா எழுதுவது. மலைமேல் இருக்கிறவன் தயவில் இங்கே எல்லோரும் ஓரளவு உடம்போடு இருக்கிறோம். நீயும் அங்கே இருக்கிறாய் என்று உன் கடிதம் சொல்கிறது, எப்படி இருக்கிறாய் என்று மட்டும் அது சொல்லவில்லை. ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் நாலு பக்கம் டயர். என்ன சாப்பிடுகிறாய், இருமல் நின்றதா, நான் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டை கை நீளம் போதுமா, ஒரு வார்த்தை இல்லை. டயரைப் படம் வேறு வரைந்து, பள்ளம் இத்தனை ஆழம் என்று அம்புக்குறி போட்டு அனுப்பியிருக்கிறாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். உன் படத்தை முதலில் தேள் என்று நினைத்தேன். போன தை மாசத்தில் உன் சின்னக் கார் பனியில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கி, நீ இரண்டு மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்து, பிறகு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் பனியில் நடந்து பிரசவம் பார்க்கப் போனாய் என்பதை இந்த ஐப்பசியில்தான் எனக்குச் சொல்கிறாய், அதுவும் ஏதோ வேடிக்கை நடந்தது போல. பத்து மாசம் எதற்காக மறைத்தாய்? நான் கவலைப்படுவேன் என்றா? இப்போது பத்து மாசக் கவலையையும் மொத்தமாகப் படுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் நைனாவைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அவருக்குக் கழனி இல்லை, நெல் இல்லை, டயர் ஒன்றுதான். சவரம் செய்துகொள்ளப் போனவர் அங்கேயே அதை உரக்கப் படித்துவிட்டு வந்தார். மறுநாள் காய்கறி வாங்கப் போனால் கீரைக்காரி என்னிடம், உங்க பொண்ணு முன்சக்கரத்துக்குப் பழசே போதும்னு எழுதியிருக்குதாமே, அது சரிப்படுமா என்று கேட்கிறாள். அத்தோடு விட்டாரா? பட்டாளத்துச் சாமான் ஏலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் ரயிலேறிப் பட்டணம் போய், ஜீப் டயர் இரண்டு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். எதற்கு என்றால் கப்பலில் உனக்கு அனுப்பப்போகிறாராம். பல் பெரிதாக இருக்கிறது, பனியைக் கடிக்கும் என்கிறார். உன் காரின் சக்கரம் என்ன அளவு, இது என்ன அளவு என்று நான் கேட்டதற்கு, ரப்பர்தானே, இழுத்தால் வரும் என்றார். இரண்டும் நெல் குதிருக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்றில் கோழி அடை உட்கார்ந்துவிட்டது.

கேட்க ஆள் இல்லாமலா போய்விட்டது? பொதட்டூர்பேட்டை பஸ் ஓட்டுகிற பச்சையப்பனை உனக்குத் தெரியாது, நீ கப்பலேறிய பிறகுதான் அவன் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தான். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. யுத்தத்தில் சேர்ந்து இத்தாலி தேசத்து மலையில் இரண்டு குளிர்காலம் பட்டாள லாரி ஓட்டியவன். நம் சுற்றுவட்டாரத்தில் பனியைக் கண்ணால் பார்த்தவன், காலால் மிதித்தவன் அவன் ஒருவன்தான். உன் நைனா அவனைத் தீபாவளிக்கு மறுநாள் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்து, இலையில் சோறு விழுவதற்குள் உன் படத்தை நீட்டிவிட்டார். அவன் பொறுமைசாலி. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த ஊர் ஒர்க்‌ஷாப்காரர் உனக்குச் சொன்ன இரண்டு வழியையும் கேட்டுக்கொண்டான். உன் காருக்கு வந்ததுபோலவே ஒல்லியான சக்கரம் நாலு தனியாக வாங்கி, பனி டயர் மாட்டி வைத்துக்கொண்டு, குளிர் வந்ததும் நாலையும் மாற்றிவிடுவது ஒரு வழி. பெரிய காரின் அகலச் சக்கரம் இரண்டை மட்டும் வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டு, முன்னால் தேய்ந்ததையே ஓட்டுவது இன்னொன்று. நீ இரண்டாவதைத் தீர்மானித்தும் விட்டாய். தீர்மானித்துவிட்டு, நைனா என்ன நினைக்கிறார் என்று கேட்டிருக்கிறாய். சின்ன வயதிலும் இப்படித்தான், பாவாடையை வெட்டிவிட்டு வந்து எந்த இடத்தில் வெட்டட்டும் என்று கேட்பாய்.

பச்சையப்பன் சொன்னதை உன் நைனா எழுதச் சொன்னபடி எழுதுகிறேன். அகல டயர் பனிமேல் மிதக்கும், ஒல்லி டயர் அறுத்துக்கொண்டு கீழே தரையைப் பிடிக்கும், அதனால் அகலம் வேண்டாம். டயரை மட்டும் வாங்கி ஒரே சக்கரத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை கழற்றி மாட்டினால் ஓரம் கிழியும், தனிச் சக்கரமே நல்லது, திருகைக் கழற்றி நீயே மாட்டிக்கொள்ளலாம். இரண்டு போதுமா நாலு வேண்டுமா என்று உன் நைனா கேட்டபோது மட்டும் அவன் வேறு ஒரு சம்பவத்தைச் சொன்னான். மலைப்பாதையில் தன் லாரிக்கு முன்னால் போன லாரியை ஒரு சித்தூர்க்காரர் ஓட்டினாராம். வளைவில் அவர் சக்கரம் திரும்பியதைப் பின்னாலிருந்து பார்த்தானாம், லாரி திரும்பவில்லையாம். அவ்வளவு சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றச் சொன்னான். உன் நைனா மேலே கேட்கப் போனார், நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே எண்ணம்தான். டயராவது சக்கரமாவது, காரையே விற்றுவிடு என்று திங்கட்கிழமை உனக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டியும் வைத்தேன். உங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் ஆண்பிள்ளை, அந்த ஊர்க்காரர், பனியில் அவர் போகட்டும், நீ ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார், வராதவர்கள் விதி என்று எழுதியிருந்தேன். மழை விடாமல் பெய்ததால் தபாலில் போடவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி, நீ என்னை எவ்வளவு பாடு படுத்துகிறாய் என்று அப்போதாவது தெரியும்.

நம் கழனியில் வேலை செய்கிற துரைக்கண்ணுவுக்கு ரஞ்சிதம் என்று ஒரு பெண்ணைக் கட்டிவைத்தார்களே, அவளுக்குத் தலைப்பிரசவம். செவ்வாய்க்கிழமை காலையில் வலி எடுத்தது, புதன் விடிந்தும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். துரைக்கண்ணு நாலு மைல் சேற்றில் ஓடிவந்து நம் வாசலில் நின்று வண்டி கேட்டான். வண்டி இருக்கிறது, மாடு ஏது? ஊரெல்லாம் கோமாரி, நம் ஜோடியும் வாயில் நுரை தள்ளிக்கொண்டு பத்து நாளாகப் படுத்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஒரு மாடு நுகத்துக்கு நிற்காது. உன் நைனா குடையைக்கூட எடுக்காமல் அரிசி மில் வரதராஜனிடம் போனார். அவர் போன வருஷம் ஒரு சின்னக் கார் வாங்கினார், நீ படத்தில் காட்டிய அதே கம்பிச் சக்கரம், அதே உயரம். கிருத்திகைக்குக் கிருத்திகை மலையடிவாரம் வரை போய்த் திரும்புகிற கார் அது. யாருக்கு என்று கேட்டாராம். உன் நைனா மறைக்கவில்லை. வரதராஜன், சீட்டின் மேல் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்தார். அவர் டிரைவர் இந்தச் சேற்றில் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நல்ல வேளை, தண்ணீர் ரோட்டை அறுத்துவிட்டதால் பஸ் ஓடவில்லை, பச்சையப்பன் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டதும் வந்தான்.

பெண்பிள்ளை ஒருத்தி கூடப் போக வேண்டுமே, நான்தான் ஏறினேன். எனக்கும் மனசு ஒரு நிமிஷம் தயங்கியது, உன்னிடம் மறைப்பானேன், அந்தத் தெருவுக்குள் நான் இதுவரை கால் வைத்ததில்லை. உன் நைனாவை இடம் போதாது என்று இறக்கிவிட்டோம், அவருக்கு அதில் ஒரே மனத்தாங்கல். பச்சையப்பன் புறப்படுவதற்கு முன்பே நாலு டயரையும் கையால் தடவிப் பார்த்தான். நாலுமே தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தன. தார் ரோடு தாண்டிக் களிமண்ணில் இறங்கியதும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. அவன் இறங்கி, கூட எடுத்துவந்த தாம்புக்கயிற்றைப் பின்சக்கரம் இரண்டிலும் கம்பிக்குள் விட்டு டயரைச் சுற்றிச் சுற்றிக் கட்டினான். பனியில் இதையே இரும்புச் சங்கிலியால் கட்டுவார்களாம். அதன் பிறகு கார் மண்ணைப் பிடித்துக்கொண்டு போயிற்று. எனக்கும் தைரியம் வந்தது. பின்னால் இரண்டு போதும் என்று உன்னைப்போலத்தான் நானும் நினைத்தேன்.

அந்த வீட்டுக்குள் நான் குனிந்து போனபோது ரஞ்சிதம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் புருஷன் எழுந்து போனது அவளுக்குத் தெரியாது, யாரிடம் போனான், வருவானா, ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்ததும் அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. தூக்கிக் காரில் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அப்போது அவள் சொன்னாள், “ஆராவது வந்துகினு இருக்காங்கன்னு தெரிஞ்சிருந்தா, இன்னும் கொஞ்சம் தாங்கினு இருந்திருப்பேங்க.” நான் இப்போது வந்துவிட்டோமே என்றேன்.

திரும்பும்போது ஏரிக்கரை வளைவு. அந்த இடம் உனக்குத் தெரியும், இடதுபக்கம் கழனி பள்ளத்தில், வலதுபக்கம் ஏரி. ஏரி நிறைந்து கரைக்கு இரண்டு சாண் கீழே தண்ணீர் நின்றது. பச்சையப்பன் மெதுவாகத்தான் வந்தான், அதை நான் எங்கேயும் சத்தியம் செய்வேன். வளைவில் ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பினான். முன்சக்கரம் இரண்டும் திரும்பியது, கார் திரும்பவில்லை. பின்சக்கரம் கயிற்றோடு மண்ணைக் கடித்துக்கொண்டு எங்களை நேராகத் தண்ணீரைப் பார்த்துத் தள்ளுகிறது. சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை, வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகிறது. துரைக்கண்ணு முன்சீட்டில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ரஞ்சிதத்தின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு நொடியில் சாமி நினைப்பு வரவில்லை, உன் நினைப்புதான் வந்தது. இப்படித்தானே நீயும் போயிருப்பாய், தனியாக, வெள்ளை வெளேரென்று இருக்கிற ஒரு தேசத்தில்.

கரை ஓரத்து முள்ளுப்புதர் தடுத்தது. ஒரு முன்சக்கரம் வெளியே தொங்க, கார் நின்றது. பச்சையப்பன் ஸ்டியரிங்கை விடாமல் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இத்தாலி மலையிலா இருக்கிறான், இங்கேயா இருக்கிறான் என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. நான்தான் அதட்டினேன், வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு என்ன உட்கார்ந்திருக்கிறாய் என்று. பிறகுதான் பேசினான்.

“தப்பு என்னுதும்மா. பின்னாடி மட்டும் கட்டினேன். பின்னாடி தள்ளத்தான் செய்யும். திருப்புறதும் நிறுத்துறதும் முன்னாடிதான். நாலுக்கும் ஒரே மாதிரி இருக்கணும். தெரிஞ்சும் பண்ணிட்டேன்.”

அவனும் துரைக்கண்ணுவும் இறங்கிப் புதரைப் பிடித்துக்கொண்டு காரைப் பின்னுக்கு இழுத்தார்கள். பின்சக்கரத்துக் கயிற்றை அவிழ்த்து, அரிவாளால் பாதி பாதியாக அறுத்து, நாலு சக்கரத்துக்கும் சமமாகக் கட்டினான். அதற்குப் பிறகு பின்னால் பிடிப்பு முன்னைவிடக் குறைவுதான், சில இடத்தில் துரைக்கண்ணு இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. ஆனால் திருப்பினால் திரும்பியது, நிறுத்தினால் நின்றது. வழியெல்லாம் ரஞ்சிதம் வந்துவிட்டோமா வந்துவிட்டோமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் ஒவ்வொரு தடவையும் ஆங், வந்துவிட்டோம் என்று பொய் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தடவைதான் அது மெய்யாயிற்று.

டாக்டரம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, உடனே உள்ளே கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் நான் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன், புடவை முழுக்கச் சேறும் இரத்தமும். ஆயுதம் போட்டு எடுத்தார்கள். ஆண் குழந்தை. முதலில் அழவில்லை, காலைப் பிடித்துத் தூக்கித் தட்டியபிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். நெற்றியில் இடுக்கி பட்ட தழும்பு இருக்கிறது, ஒரு கண் வீங்கியிருக்கிறது, பார்வை எப்படியோ இன்னும் தெரியவில்லை. ரஞ்சிதத்துக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், நேற்றுத்தான் கஞ்சி குடித்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிருமே என்று டாக்டரம்மா ஆரம்பித்தார்கள், துரைக்கண்ணு நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. யார்மேல் என்றும் தெரியவில்லை. வராதவர்கள் விதி என்று எழுதி ஒட்டி வைத்தவள் நான், அந்த வராதவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நாலு மைல் வந்தேன். இனி எந்த வாயால் உன்னிடம் போகாதே என்று சொல்வது? கார் வேண்டாம், பனி வேண்டாம், பேசாமல் உள்ளேயே இரு என்று சொல்கிற உரிமை ஒன்று பெற்றவளுக்கு இருந்தது, அதையும் பறித்துக்கொண்டுவிட்டாய். நல்லபடியாக ஒருவனைக் கட்டிக்கொண்டு அரக்கோணத்திலோ மணவூரிலோ இருந்திருந்தால் எனக்கு டயரைப் பற்றி என்ன தெரியப்போகிறது. காரை விற்கச் சொல்லி இனி எழுத மாட்டேன். இதை மெச்சி எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே, எனக்கு இதில் துளிகூடச் சந்தோஷம் இல்லை.

ஆகையால் நான் சொல்வதைக் கேள், இதில் உன் அபிப்பிராயம் எனக்கு வேண்டாம். அகலச் சக்கரத்தை விட்டுவிடு. ஒல்லிச் சக்கரம் நாலு, பனி டயர் நாலு, நாலும் புதிது, நாலும் ஒரே ஜாதி. ஒன்று தேய்ந்தால் நாலையும் பார். அந்த ஊர்ச் சாலை உறைவதற்குள் மாட்டிவிடு, உறைந்த பிறகு ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நிற்காதே. சங்கிலியும் ஒரு ஜோடி வண்டியிலேயே கிடக்கட்டும், மண்வெட்டி ஒன்று, கம்பளி ஒன்று, சாப்பிட ஏதாவது. கையுறை போட்டுக்கொண்டு திருகைக் கழற்ற முடியுமா என்று வீட்டு வாசலிலேயே ஒரு தடவை பழகிப்பார். வேகமாகப் போனால்தான் உயிர் பிழைக்கும் என்று நினைக்காதே, பச்சையப்பன் மாட்டு நடையில் ஓட்டித்தான் கொண்டுபோய்ச் சேர்த்தான். உன் நைனா இதற்கெல்லாம் தன் பங்காக அனுப்புவார், அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன், அந்த ஜீப் டயரைப் பற்றி நன்றி கின்றி என்று ஒரு வரி எழுதிவிடாதே, இன்னும் இரண்டு வாங்கிவிடுவார். எட்டு முழக் கம்பளிப் போர்வை ஒன்று பார்சலில் வருகிறது, பெட்டியில் மடித்து வைக்காமல் உடம்பில் போர்த்திக்கொள். இருமலுக்குச் சுக்கும் மிளகும் இடித்து வைத்திருக்கிறேன், வெந்நீரில் போட்டுக் குடி, டாக்டருக்கே நான் வைத்தியம் சொல்வதாகச் சிரிக்காதே.

எந்த ஆபத்தும் அண்டாமல், போன வழியெல்லாம் உனக்குத் திரும்பி வருகிற வழியாக இருக்க வேண்டும் என்று நானும் உன் நைனாவும் மனசார ஆசீர்வாதம் செய்கிறோம். இன்னும் ஒன்று, இதை மறக்காதே. அங்கே வீட்டுக்கு வீடு டெலிபோன் உண்டு என்று எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடாதே. முதலில் அந்த வீட்டுக்குப் பேசி, புறப்பட்டுவிட்டேன், வழியில் இருக்கிறேன், எவ்வளவு நேரமானாலும் வருவேன் என்று அந்தப் பெண்ணின் காதில் விழும்படி சொல்லச் சொல்லிவிட்டு, அதன் பிறகு காரை எடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ரத்தினம்மாள்